தொட்டில் வெள்ளி

எல்டர்ஸ்ரோடெ நகரம்
ஈஸ்டர் முடிந்த வாரம்

அன்புள்ள அப்போலோனியா அக்காவுக்கு,

உன் தங்கை ஒட்டிலி எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நான் நலம். நீயும் வெண்டல் அத்தானும் குழந்தை சபீனாவும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம்.

வேலை மாறிவிட்டேன். வக்கீல் வீட்டில் சட்டி தேய்த்தது போதும். கன்னியர் மடம் ஒன்று பாழாய்க் கிடந்ததே, அதன் துணி வெளுக்கும் கூடத்தில் இப்போது புதிய நாணயச்சாலை. பொஹீமியாவில் சண்டை. பிரபுவுக்குப் படை வேண்டும், படைக்குச் சம்பளம் வேண்டும். அதனால் கர்ஸ்டன்ஸ் என்ற வியாபாரிக்குக் காசு அடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். எஜமான் கர்ஸ்டன்ஸ் வாசலில் வண்டியை விட்டு இறங்கினால் போதகரே தொப்பியைக் கழற்றுகிறார்.

என் வேலை வெளுப்பு. அடித்த காசு அச்சுப் பலகையிலிருந்து வரும்போது செம்பு நிறத்தில் இருக்கும். மது பீப்பாயின் உள்ளே படியும் புளித்த பொருக்கையும் உப்பையும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் அதை நாங்கள் பெண்கள் வேகவைக்கிறோம். எடுத்துத் தவிட்டில் புரட்டினால் பனி மாதிரி வெளுத்துவிடும். முதல் நாள் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மேஸ்திரி பிரான்ட்டிடம், "ஐயா, இது வெள்ளியா, வெள்ளையா?" என்று கேட்டேன். "வெள்ளையா இருக்கிற வரைக்கும் வெள்ளிதாண்டி. அதுக்கப்புறம் யார் கையில இருக்கோ அவன் தலையெழுத்து" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாயங்காலம் வெளியே விடும்போது சோதனை உண்டு. வாயிற்காவலன் தலைமுடியை அவிழ்க்கச் சொல்வான், வாயைத் திறக்கச் சொல்வான், மேலங்கியை உதறுவான். காலைப் பார்க்க மட்டும் குனிய மாட்டான், தொந்தி விடாது. எங்களுக்குள் அதுதான் தினப்படி வேடிக்கை.

இப்போது முக்கியமான விஷயம். அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு யோப்ஸ்ட் என்று ஒருவன் வருவான். எஜமானுக்குப் பழைய வெள்ளி வாங்கித் தருகிறவன். நல்ல பையன், வாய் மட்டும் நீளம். ஒரு பழைய குரோஷன் காசுக்குப் புதிய குரோஷன் மூன்று, பேரம் பேசினால் நான்கு தருவான். பழையதிலும் புதியதிலும் முத்திரை ஒன்றுதானே அக்கா? அதே சிலுவை வைத்த உருண்டை, அதற்குள் அதே இருபத்துநாலு, அப்படியென்றால் இருபத்துநாலு சேர்ந்தால் ஒரு பெரிய தாலர் காசு. ஒன்றைக் கொடுத்து மூன்று வாங்குவதில் யாருக்கு நஷ்டம்?

அவன் போன மாதம் நம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தான். "என்னடி உங்க ஊர்க்காரங்க, ஒரு பெட்டியிலயும் ஒண்ணும் இல்ல, எல்லாம் எலிப்புழுக்கை" என்று என்னிடம் புலம்பினான். "பெட்டியில தேடினா எப்படிடா கிடைக்கும்? எங்க மூஸ்டால்ல வெள்ளி தொட்டில்ல தூங்குது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஞானத்தாயும் ஞானத்தந்தையும் ஞானஸ்நானத்தன்று குழந்தையின் துணிக்குள் காசு முடிந்து வைக்கும் வழக்கத்தைச் சொன்னேன். குழந்தை செத்தாலும் பிழைத்தாலும் அதை யாரும் செலவழிக்க மாட்டார்கள், ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் என்றேன். தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான். மறுநாள் எனக்கு ஒரு ஜோடி காலணி கொண்டுவந்து கொடுத்தான். கன்றுத் தோல், இரட்டை அடித்தோல், பித்தளைக் கொக்கி. என் ஆயுளில் எனக்கென்று தைத்த முதல் காலணி.

சபீனாவுக்கு நான் முடிந்துவைத்த குரோஷன் பத்திரமா? பல் முளைக்கும்போது எடுத்துக் கடித்துக் கடித்து ஓரத்தை நெளித்துவிட்டாளே, சரியான எலிக்குட்டி. என் முதல் வருஷச் சம்பளத்தில் எடுத்துவைத்தது அது. நான்தான் கொடுத்தேன், நானே சொல்கிறேன், மாற்றிக்கொள். துணிக்குள் தூங்குகிற காசு யாருக்குக் கஞ்சி ஊற்றும்? மற்றவர்களிடமும் சொல். பக்கத்து வீட்டு வால்புர்காவிடம் முதலில் சொல், பாவம், புருஷன் இல்லாதவள்.

யோப்ஸ்டுக்கு நல்ல பியர் கஞ்சியாக ஒரு கிண்ணம் கொடு. சபீனாவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

இங்கே உன்னை நினைத்துக்கொண்டே அடுப்பெரிக்கும் தங்கை,
ஒட்டிலி


எல்டர்ஸ்ரோடெ
வைக்கோல் அறுப்பு முடிந்த வாரம்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக. இந்தக் கடிதத்தை யோப்ஸ்ட் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவனுக்கு எழுத்து நன்றாகத் தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. ஊரே மாற்றிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். அத்தான் உழவு மாட்டையும் விற்று, மேலங்கி நிறையப் புதிய காசு வாங்கினார் என்றும், அறுவடைக்குப் பிறகு அந்தக் காசில் இரண்டு மாடு பிடிப்பார் என்றும் எழுதியிருந்தாய். "உன்னாலதான் எங்களுக்கு விடிஞ்சுது"ன்னு அத்தான் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் மறுபடி படிக்கவில்லை. படிக்க நேரம் இல்லை, வேலை அதிகம்.

அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். மாடு வாங்குவதாக இருந்தால் அறுவடை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வாங்கட்டும். மாடு இல்லையென்றால் ஆடு. ஆடு இல்லையென்றால் கம்பு, உப்பு, இரும்பு, எது கிடைக்கிறதோ அது. ஏன் என்று கேட்க வேண்டாம். பெண்புத்தி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

மூஸ்டால் கூடைகள் வந்து சேர்ந்தன. எங்கள் வேலை வெளுப்புதான் என்றாலும், உருக்குகிற அறையில் ஆள் குறைவு என்று அன்றைக்குக் கூடை தூக்க எங்களைக் கூப்பிட்டார்கள். முடிச்சு முடிச்சாகத் துணியோடு இருந்தன அக்கா. யோப்ஸ்ட் சோம்பேறி, அவிழ்க்காமலே வாங்கி வந்திருக்கிறான். அவிழ்த்துக் கொட்டுகிற வேலை எனக்கு வந்தது. சிலவற்றில் ஞானத்தந்தை எழுதிய ஆசீர்வாதக் காகிதம்கூட உள்ளே இருந்தது. காகிதம் அடுப்புக்கு, காசு உருக்குகிற மூசைக்கு.

வால்புர்காவின் காசை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவள் பையன் மாத்தியாஸ் காய்ச்சலில் போனானே, அவன் கழுத்தில் கிடந்தது, துளை போட்டது. அந்தத் துளையில் நூல் இன்னும் இருந்தது. மேஸ்திரி பக்கத்தில் நின்றார். "என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிற? நூலு தானா எரியும், போடு" என்றார். போட்டேன். நூல் தானாகத்தான் எரிந்தது.

நீ கேட்டிருந்தாய், சபீனாவுடையதைப் பார்த்தாயா என்று. உன் நீலத் துணி முடிச்சை நான் பார்க்கவில்லை. எத்தனையோ முடிச்சு வந்தன. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை. அதைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம்.

அன்றைக்கு நாள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் ஊர் வெள்ளியைச் செம்போடு கலந்து அடித்த காசைத்தான் மறுபடியும் உங்கள் ஊருக்கே யோப்ஸ்ட் கொண்டுவருகிறான். உங்கள் வெள்ளியை வைத்தே உங்கள் மாட்டை வாங்குகிறார்கள். மிச்ச வெள்ளி எஜமான் வீட்டுக்கும் பிரபு வீட்டுக்கும் போகிறது. நான் இடையில் நின்று அதை வெளுக்கிறேன். இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். யோப்ஸ்ட், நீ படித்துக்கொண்டிருந்தால் படி. நீயும்தான் தொடையில் தட்டினாய்.

பொருக்குத் தண்ணீர் கையைத் தின்கிறது. விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. இங்கே ரொட்டி ஒவ்வொரு வாரமும் சிறுத்துக்கொண்டே வருகிறது. காசு அதே காசு. ரொட்டிக்காரி நேற்று, "காசு மெலிஞ்சா ரொட்டி மட்டும் கொழுக்குமா?" என்று சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

காலணி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நன்றாக உழைக்கிறது. தினமும் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

எதையோ சொல்லாமல் விட்டது போலிருக்கிறது. மாடு வாங்கச் சொல்.

உங்கள் எல்லோருக்கும் நலம் வேண்டும்,
ஒட்டிலி


எல்டர்ஸ்ரோடெ
மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய வாரம்

என் அக்கா அப்போலோனியாவுக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. என்னோடு இருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

வண்டிக்காரர் லோரென்ஸ் இதைக் கொண்டுவருவார். நகரவாசலில் ஒரு எழுத்தர் உட்கார்ந்து, நாணயச்சாலை ஆட்கள் அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றையும் பிரித்துப் படிக்கிறார். ஆகவே அந்த எழுத்தருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஐயா, வணக்கம். இந்தக் கடிதத்தில் களவு எதுவும் இல்லை. நான் நாணயச்சாலையிலிருந்து ஒரு துரும்பையும் எடுத்ததில்லை. இது ஒரு தங்கை தன் அக்காவுக்கு ஒரு ஜோடி பழைய காலணி அனுப்புகிற விஷயம். படித்துவிட்டு மடித்து வையுங்கள்.

உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை அக்கா. அத்தான் மாடு வாங்கவில்லை. அறுவடை வரை காத்திருந்தார். அறுவடைக்குப் பிறகு சந்தையில் ஒருத்தரும் அந்தக் காசைக் கையால் தொடவில்லை. நீ இப்படி எழுதியிருந்தாய்: "உன் ஆளு குடுத்தது எல்லாம் சிவந்துபோச்சு. உருண்டை, சிலுவை எல்லாம் குடிகாரன் மூக்கு மாதிரி இருக்கு. எங்க தெருப் பசங்க சபீனாவ செப்புக்காசுன்னு கூப்பிடுதுங்க." உன் ஆள் என்று எழுதியிருந்தாய். சரிதான்.

வீட்டு மனைக் குத்தகைக்குப் பிரபுவின் பண்ணைக் காரியஸ்தர் மார்ட்டின் திருநாளுக்குள் பழைய வெள்ளி கேட்கிறார், புதியதை வாங்க மாட்டார், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாய். "அதே பிரபு அடிச்ச காசுதானே"ன்னு அத்தான் கேட்டதற்கு, "அடிச்சது பிரபு, வாங்கினது நீ"ன்னு காரியஸ்தர் சொன்னாராம். அக்கா, இங்கேயும் அதே கதைதான். வரி கட்டும் ஜன்னலில் பிரபுவின் ஆள் பிரபுவின் காசை விரல் நுனியால் தள்ளிவிடுகிறான். கூலியாகக் கொடுக்கும்போது அது காசு. வரியாகத் திருப்பிக் கொடுத்தால் செம்பு. இப்படி ஒரு சட்டத்தை எந்த ஆண்டவர் எழுதினார் என்று போதகரிடம் கேட்டேன். அவருக்கும் சம்பளம் அதே காசில்தான். கேட்டதும் அழுதுவிட்டார். அவர் அழுது என்ன ஆகப்போகிறது?

போன வாரம் சந்தைத் தெருப் பெண்கள் நாணயச்சாலை ஜன்னல்களைக் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். ரொட்டிக்காரிதான் முன்னால் நின்றாள். நான் உள்ளே கொப்பரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். "வெளுப்புக்காரிங்க வெளிய வாங்கடி! உங்க மூஞ்சியையும் வெளுத்து அனுப்பறோம்!" என்று கத்தினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெளியே போய் அவர்களோடு நின்று நானும் ஒரு கல் எறிய வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

எஜமான் கர்ஸ்டன்ஸ் இரண்டு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிவிட்டார். யோப்ஸ்டும் அவரோடு போய்விட்டான், சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பிரபு இப்போது கோபமாக இருக்கிறார். ஏழை ஜனங்களை ஏமாற்றியவர்களைத் தண்டிப்பேன் என்று கோயில் கதவில் அறிக்கை ஒட்டியிருக்கிறார். ஏமாற்றியவர்கள் யார் என்று பார்த்தால் மேஸ்திரி பிரான்ட், அச்சு அடித்த இரண்டு கூலிக்காரர்கள், வெளுத்த பெண்கள் நாங்கள். பிரான்ட்டை நேற்றே இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது, "நான் சொன்னேன்ல, யார் கையில இருக்கோ அவன் தலையெழுத்துன்னு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். எங்களை நாளைக்கோ நாளன்றைக்கோ கூப்பிடுவார்கள். சந்தை நடுவில் தூணில் கட்டி நிறுத்துவார்கள் என்று பேச்சு. வேறுவிதமாகவும் பேச்சு. அதை நான் எழுதப்போவதில்லை.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல், "நீ சாப்பிட்டியா"ன்னு கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்குப் பதிலாக நாலு அறை அறைந்திருக்கலாம். சாப்பிட்டேன் அக்கா. முள்ளங்கி வேகவைத்துச் சாப்பிட்டேன்.

பசி, சண்டை, பிரபு, வியாபாரி என்று எல்லோர் மேலும் பழி போட்டு மனதுக்குள் பேசிப் பார்க்கிறேன். எல்லாம் உண்மைதான். அவர்கள் யாருக்கும் மூஸ்டாலில் தொட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பதும் உண்மை.

காலணி விஷயத்துக்கு வருகிறேன். லோரென்ஸிடம் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். கொக்கிப் பித்தளையைப் பிடுங்கி அவருக்குக் கூலியாகக் கொடுத்துவிட்டேன், தேடாதே. எனக்கு இனிமேல் காலணி வேண்டாம். தூணில் நிற்பவளைச் செருப்போடு நிறுத்த மாட்டார்கள்.

இதைக் கோடையிலேயே அனுப்பியிருக்க வேண்டும். அப்போதே அது உன்னுடையதாகிவிட்டது. அனுப்பவில்லை. நன்றாக இருந்தது, கால் நிம்மதியாக இருந்தது, எப்போதாவது எனக்கே உதவும் என்று நினைத்து நானே போட்டுக்கொண்டு திரிந்தேன். அந்தக் கோடை முழுக்க நீ மாற்றிய காசைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, தங்கை சொன்னாளே என்று நம்பி உட்கார்ந்திருந்தாய். இதைவிட வெளிப்படையாக எழுத எனக்கு இடம் இல்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்குத் தோல் காலணி பற்றி என்ன அக்கறை?

மார்ட்டின் திருநாளுக்கு முன்பே அது உன் கைக்கு வர வேண்டும் என்று லோரென்ஸிடம் சொல்லியிருக்கிறேன். வந்த அன்றைக்கே பார். காரியஸ்தரிடம் அத்தான் வெறுங்கையோடு போக வேண்டாம். அவர் என்ன சொன்னாலும் வாய்க்கு வாய் பேச வேண்டாம். கேட்பதைக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வரட்டும். இந்தக் குளிர்காலத்தில் சபீனா கூரைக்குக் கீழே தூங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

குத்தகை போக ஏதாவது மிஞ்சினால், ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் சரி, அது வால்புர்காவுக்கு. கையில் கொடுக்காதே, வாங்க மாட்டாள். அவள் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிடு. துளை போட்டது இல்லையே என்று அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பார்க்கட்டும். யார் வைத்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல்.

என்னைப் பார்க்க இங்கே வராதே. அத்தானையும் அனுப்பாதே. மூஸ்டால் ஆள் ஒருவரும் சந்தைப் பக்கம் வர வேண்டாம். முக்கியமாகச் சபீனாவிடம், ஞானத்தாய் தூரத்தில் ஒரு வீட்டில் துணி வெளுக்கிறாள் என்று சொல். அது முழுப் பொய்யும் இல்லை.

அவள் எந்தப் பிள்ளையோடும் சண்டைக்குப் போகாமல், செப்புக்காசு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல், நல்லபடியாக வளர வேண்டும். கர்த்தர் அவளை ஆசீர்வதிப்பாராக. நான் செய்தது எதுவும் அவள் தலையில் விழாமல் இருப்பதாக.

காலணி உனக்குப் பெரிதாக இருக்கும் அக்கா, வைக்கோல் அடைத்துப் போட்டுக்கொள். ஆனால் இடது காலணியை உடனே போடாதே. முதலில் அத்தானைக் கத்தியால் அடித்தோலைப் பிரிக்கச் சொல். இரண்டு அடித்தோலுக்கும் நடுவே நீலத் துணியைக் கனமாக மடித்து வைத்துத் தைத்திருக்கிறேன், கால் நோகாமல் இருக்க. அப்படியும் இடது காலணி கடிக்கும்.

யாருடைய பல் என்று பார்த்ததும் உனக்குத் தெரியும்.

ஒட்டிலி